காரணம் உள்ள வில்லனா, காரணமே சொல்லாத வில்லனா?

படம் முடிந்த பிறகும் மனசை விட்டுப் போகாத வில்லன்களில் இரண்டு வகை உண்டு.

ஒருவனுக்கு முன்கதை இருக்கும். 'பிளாக் பேந்தர்' (2018) படத்தின் கில்மாங்கர் அப்படி. அவன் அப்பாவைக் கொன்றவர், அவருடன் கூடப்பிறந்த அரசரே. கோபத்தில் நியாயம் இருக்கிறது, வழிதான் கொடூரம். அவன் பேச்சுக்கு ஒரு நொடி தலையாட்டிவிட்டு, அப்புறம் நமக்கே கூச்சமாக இருக்கும்.

இன்னொருவனுக்கு முன்கதையே கிடையாது. 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' (2007) படத்தில் கொலைகாரன் ஆன்டன் சிகர் பெட்ரோல் நிலையக் கடைக்காரரிடம் காசைச் சுண்டிப் பூவா தலையா கேட்கிறான். எதைப் பணயம் வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. நமக்குப் புரிகிறது: அவர் உயிரை. அவன் குரல் உயரவே இல்லை. கசக்கிப் போட்ட தின்பண்ட உறை மேசையில் மெல்ல விரியும் சத்தம்கூடக் கேட்கிறது. சிகராக நடித்த ஜேவியர் பார்டெமுக்கு ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

'தி டார்க் நைட்' (2008) ஜோக்கர் இந்த இரண்டையும் கேலி செய்கிறான். வாய்த் தழும்புக்கு ஒருமுறை அப்பாவைக் காரணம் சொல்கிறான், மறுமுறை மனைவியை. எதை நம்புவது?

என் ஓட்டு சிகருக்குத்தான். கில்மாங்கரைப் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்ததும் பயம் பாதி இறங்கிவிடுகிறது. ஆனால் முன்கதையை வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் இயக்குநர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சிகரிடம் ஒரு விதி இருக்கிறது. கடைக்காரர் சரியாகச் சொன்னதும் அவன் அவரை ஒன்றும் செய்யாமல் கிளம்பிவிடுகிறான்.