தனித்திருக்கும் முதியோருக்கு எது உதவும்: கைக்கடிகாரமா, சுவர் உணரியா, பிரஷர் கருவியா?

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையையொட்டி, களியக்காவிளைக்கும் அருமனைக்கும் இடைப்பட்ட ஊர்களில், பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, பெற்றோர் மட்டும் ரப்பர் தோட்டத்து வீடுகளில் வாழ்வது இன்று சாதாரணம். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றை வாங்கி வருகிறார்கள். என் கணக்கில் அது மூன்றாம் இடத்துக்கு உரியது.

வாட்சின் உண்மையான பலம் இதயத்தின் சீரற்ற துடிப்பைக் கவனிப்பதில் இருக்கிறது. 2018இல் ஆப்பிள் வாட்சின் இசிஜி வசதிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதி அளித்தது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பை முன்கூட்டியே சந்தேகிக்க அது உதவும். ஆனால் மாரடைப்பை அது கண்டறியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பலமாக விழுந்தவர் ஒரு நிமிடம் அளவுக்கு அசையாமல் கிடந்தால் தானே அவசர எண்ணை அழைக்கும் வசதியும் உண்டு. எனினும் சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து விழுபவரை அது தவறவிடக்கூடும். இத்தகைய வாட்சுகள் பலவற்றை அநேகமாகத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பதால், இரவில் கழிப்பறைக்கு எழும் நேரத்தில், அதாவது விழும் அபாயம் மிகுந்த வேளையில், அது மேசைமேல் கிடக்க வாய்ப்புண்டு. ரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் வாட்சைக்கூட 28 நாளுக்கு ஒருமுறை மேற்கையில் கட்டும் பிரஷர் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கருவி வீட்டில் எப்படியும் தேவை என்றாகிறது. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைச் சொல்வதாக விற்கப்படும் வாட்சுகளையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரித்தது.

கதவிலும் சுவரிலும் பொருத்தும் அசைவு உணரிகள் முதியவரிடம் எதையும் கேட்பதில்லை. கட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். காலை ஒன்பது மணியாகியும் சமையலறையில் அசைவில்லை என்றால் துபாயில் இருக்கும் மகனுக்குச் செய்தி போகும். படம் பிடிப்பதில்லை என்பதால் கேமராவைவிட இதையே பரிந்துரைப்பேன். பெற்றவர்களையே படம்பிடித்துக் கண்காணிப்பது எனக்கு உவப்பானதல்ல. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மின்சாரம் போனால், செய்தியை அனுப்பும் இணைய மோடமும் அணையும். ஆகவே மோடத்துக்கு ஒரு சிறு யுபிஎஸ் கட்டாயம். கணவன், மனைவி இருவரும் இருக்கும் வீட்டில் அசைந்தவர் யார் என்று உணரிக்குத் தெரியாது.

முதலிடம் மேற்கையில் கட்டும் பிரஷர் கருவிக்குத்தான். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து, இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். வீட்டு அளவீட்டில் 135/85 என்பதே உயர் ரத்த அழுத்தத்துக்கான வரம்பு. அந்த நோட்டை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் கொண்டுபோகலாம், திருவனந்தபுரத்து மருத்துவரிடமும் காட்டலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் எடுக்கும் அளவையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

எந்தக் கருவியானாலும், எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 108 சேவையைத் தமிழகமும் கேரளமும் தனித்தனியே நடத்துவதால், அழைப்பு எந்த மாநிலத்துக்குப் போகும் என்ற குழப்பம் வரலாம்; ஆகவே எல்லையோர வீட்டின் முதல் அழைப்பு, மாற்றுச் சாவி வைத்திருக்கும் அடுத்த வீட்டாருக்குப் போகட்டும்; மகனின் எண் இரண்டாவதாக இருந்தால் போதும்.