அரண்மனையா, கல்லூரியா? செட்டிநாட்டுப் பணம் போன இரண்டு வழிகள்

கையில் நாலு காசு உபரியாகச் சேர்ந்தால் வருகிற கேள்விதான்: பெரிதாக ஒரு வீட்டைக் கட்டி அனுபவிக்கலாமா, ஊருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாமா? இரண்டையும் பெரிய அளவில் செய்து, விளைவையும் நாம் பார்க்கும்படி விட்டுப் போனவர்கள் நகரத்தார்கள் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். காரைக்குடி வட்டாரத்தை ஒருமுறை சுற்றிவந்தால் இரண்டு கணக்கும் தெரிந்துவிடும். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுப்பதன் பக்கம். புண்ணியம், பெயர், வரிச்சலுகை இதற்காகவெல்லாம் இல்லை. பராமரிப்புச் செலவுக்காக.

வீட்டின் அருமை பெருமைகளை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பர்மா தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புச் சுவர். கட்டியவர்கள் அனுபவித்தார்கள், தச்சர், கொத்தனார் என்று எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன. அதனால் வெறும் படாடோபம் என்று ஒதுக்கிவிட மாட்டேன்.

சிக்கல் கூரையில் ஆரம்பிக்கிறது. நாட்டு ஓடு போட்ட கூரையில் மழைக்காலத்துக்கு முன்னால் ஆள் ஏறி, உடைந்ததை மாற்றி, சரிந்ததை அடுக்க வேண்டும். குரங்கு ஓடினாலே ஓடு நகர்ந்துவிடும். அந்தச் சந்தில் இறங்கும் தண்ணீர் முதலில் ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரை உளுக்கச் செய்யும். ரீப்பர் போனால் அதைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் தொய்யும். பிறகு ஈரம் சுவர் தலைப்பில் இறங்கி, சுண்ணாம்புப் பூச்சு உப்பிக் கொட்டும். அவசரத்துக்கு சிமென்ட் பூசுவார்கள். அது ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து, பக்கத்தில் நன்றாக இருக்கும் பழைய பூச்சையும் பெயர்த்துவிடும். சில மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், ஓட்டு வேலையாக முடிந்திருக்க வேண்டியது மர வேலையாகிவிடும்.

சரி, ஆண்டுதோறும் செய்ய வேண்டியதுதானே? யார் செய்வது? தாத்தா கட்டிய வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது திருமணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை. மூன்றாம் தலைமுறைக்குள் பங்காளிகள் இருபது முப்பது பேர் ஆகிவிடுவார்கள், ஆளுக்கொரு பூட்டு. ஒருவர் பணம் போட்டு ஓடு மாற்றினால் பலன் எல்லோருக்கும், செலவு அவருக்கு மட்டும். ஆகவே எல்லோரும் அடுத்தவர் போடட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். விற்பதானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் கோர்ட்டுக்குப் போயிருப்பார். ஒருவழியாக விலை பேசினாலும், வாங்க வருகிறவர் மனைக்கும் மரத்துக்கும்தான் கணக்குப் போடுகிறார். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் தூண்களும் நிலைக்கதவுகளும் இப்படிப் பிரித்த வீடுகளிலிருந்து வந்தவைதான்.

கட்டிய காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் பர்மாவில் கொடுத்த கடன்களுக்கு வட்டி வந்துகொண்டே இருந்தது. 1942-ல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். 1948-ல் பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. வரவு நின்றது. கூரைக்கு அது தெரியுமா?

அதே ஆண்டுகளில்தான் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் எதிர்த் திசையில் போனார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் அது திறக்கப்பட்டது. சொந்த வீட்டையே மகளிர் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தார். 1957-ல் காலமானபோது வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. இத்தனை காலம் கழித்து அந்த ஆய்வகத்தின் கூரை ஒழுகினால் செலவு செய்வது மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம். அவர் தொடங்கிய கல்வி நிலையங்களை அடித்தளமாக வைத்து 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகமாக வந்தது. அங்கே சம்பளம் போடுவது பல்கலைக்கழகத்தின், அரசின் பாடு. எதற்கும் அவர் வாரிசுகளிடம் யாரும் கணக்குக் கேட்டுப் போவதில்லை.

கொடுத்தாலே பராமரிப்புத் தொல்லை தீர்ந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் இரண்டையும் செய்தவர்: கானாடுகாத்தானில் அரண்மனை, சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரி. 20 லட்சம் நன்கொடையோடு 1929-ல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. நிர்வாகத்தில் குடும்பத்தின் பிடி தலைமுறைகளாகத் தொடர்ந்தது. தேவைக்கு மேல் பணியாளர்கள் சேர்ந்து சம்பளத்துக்கே திணறும் நிலை வந்து, 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. லட்சக்கணக்கானோர் படித்து வெளியேறிய இடம், கொடை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த பிறகும் சாவியைக் கையிலேயே வைத்திருந்தால், ஓட்டுக்கூரைச் சிக்கல் வேறு உருவத்தில் வரத்தான் செய்கிறது.

இன்றைக்கு ஒரு கோடியை ஒதுக்கி, சொந்தமாக டிரஸ்ட் வைத்து, வட்டியில் தர்மம் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். 7 சதவீதத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் வரும். முழுவதையும் செலவழித்தால், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் பட்சத்தில், பத்தாம் ஆண்டில் அந்த 7 லட்சம் இன்றைய 4 லட்சத்துக்கும் குறைவு. வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துவிடலாமே என்றால், வரிவிலக்குப் பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் நிறுத்திவைக்க, இன்ன காரியத்துக்கு என்று படிவம் கொடுத்து ஐந்து ஆண்டுக்குள் செலவழித்துக் காட்ட வேண்டும். அதாவது முதல் வளர 1.05 லட்சம்தான் மிஞ்சும். பங்குச் சந்தையில் நேரடியாகப் போட்டு வளர்க்கவும் பொதுவாக வழியில்லை. எதில் முதலீடு செய்யலாம் என்பதற்குச் சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது. இதோடு ஆண்டுத் தணிக்கை, கணக்குத் தாக்கல், பதிவுப் புதுப்பிப்பு. ஒரு கோடிக்கு இந்தப் பாடு அதிகம். ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஓர் அமைப்பிடம் கொடுத்துவிடுவதே மேல். வரிச்சலுகையை நினைத்து இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு நன்கொடைக் கழிவு (80ஜி என்று சொல்லப்பட்டது) கிடையாது.

கட்டடமாகக் கொடுப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு, முழுத் தொகையையும் கட்டுமானத்திலேயே போட்டுவிடுவது. அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருகிறார்கள். கிரானைட்டில் பெயர்ப் பலகை வைக்கிறார்கள். மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது, துப்புரவுப் பணியாளருக்கு மாதாமாதம் யார் கொடுப்பது என்று எழுதி வைப்பதில்லை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையிலும் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கும். நான்கு அறை கட்டப் பணம் இருந்தால் மூன்றைக் கட்டிவிட்டு, மீதியைப் பராமரிப்புக்கென்று எழுத்தில் குறிப்பிட்டுத் தனியாக வைப்புநிதியில் போடச் சொல்வேன்.

வீட்டின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சில செட்டிநாட்டு வீடுகள் இப்போது ஹோட்டலாகி, தங்கள் கூரைக்குத் தாங்களே சம்பாதிக்கின்றன. ஆத்தங்குடி அரண்மனையைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். 2014-ல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. பங்காளிகள் ஒத்துப்போன வீடுகளில் இது நடக்கிறது. அந்த ஒற்றுமை அடுத்த தலைமுறைக்கும் நீடிக்குமா என்பது போகப் போகத்தான் தெரியும். வீடுதான் கட்டுவேன் என்பவர், பிள்ளைகள் எல்லோர் பெயரிலும் பொதுவாக எழுதிவைக்காமல், ஒருவர் பெயரில் வீட்டையும் மற்றவர்களுக்கு ஈடான பணத்தையும் உயிலில் பிரித்து எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடட்டும்.