செங்கமாரிக்கு இரத்தம் சோதிக்கிற ஆக்கள் கவனம்: 18,500 ரூபாய் போச்சு

யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள இருக்கிற ஒரு தனியார் லாப். பெயர் போடேல்லை. இன்னொரு குடும்பம் ஏமாறக் கூடாது எண்டுதான் இதை எழுதிறன்.

பள்ளிக்கூடப் பெடியன். கண் மஞ்சள், சலம் கடும் தேத்தண்ணி நிறம். டொக்டர் துண்டில எழுதினது ஹெபடைற்றிஸ் ஏ (ஈரலைத் தாக்கிற வைரஸ்) ஐஜிஎம், எச்பிஎஸ் அன்ரிஜன் (ஹெபடைற்றிஸ் பி வைரஸின்ர புரதம்), ஈரல் நிலைமையைப் பார்க்கிற எஸ்ஜிபிரி, பிலிருபின். அவ்வளவுதான். கவுன்ரரில இருந்த பிள்ளை துண்டை வாங்கிப் பார்த்திட்டு, "தனித்தனியாச் செய்யாமல் ஹெபடைற்றிஸ் பக்கேஜ் எடுங்கோ அம்மா, எல்லாம் அதுக்குள்ள வரும்" எண்டா. அவ்வளவு அன்பாச் சொன்னதை நம்பித் தாய் 18,500 ரூபாயைக் கட்டினா.

ரிப்போட்டில "ஹெபடைற்றிஸ் ஏ அன்ரிபொடி பொசிற்றிவ்" எண்டு மட்டும் கிடக்கு. அன்ரிபொடி எண்டால் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்கிறது. அது எந்த வகை, ஐஜிஎம்மா ஐஜிஜியா எண்டு இல்லை. ஐஜிஎம் எண்டால் அண்மையில வந்த தொற்று, சில மாதத்தில போயிடும். ஐஜிஜி எப்பவோ வந்து மாறின ஆளுக்கும் ஆயுள் முழுக்க நிக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் இப்பத்தைய செங்கமாரி எதால எண்டு எந்த டொக்டர் சொல்லுவார்?

அடுத்த வரி, "எச்பிஎஸ் அன்ரிபொடி 64, பொசிற்றிவ்". அதைப் பார்த்துப் பிள்ளைக்கு ஹெபடைற்றிஸ் பி இருக்கு எண்டு சொல்லித் தாயை அழ வைச்சிட்டினம். அது நோயே இல்லை! தடுப்பூசி பிடிச்சிருக்கு, இல்லாட்டி எப்பவோ வந்து மாறியிருக்கு எண்டுதான் அர்த்தம். 10க்கு மேல இருந்தால் பாதுகாப்பு. இலங்கையில 2003இல தொடங்கிக் குழந்தைகளுக்குப் போடுற ஊசி அது. நோய் இருக்கோ எண்டு காட்டுறது அன்ரிஜன். டொக்டர் கேட்ட அந்த அன்ரிஜன் 18,500 ரூபாய் பக்கேஜுக்குள்ள இல்லவே இல்லை. பதிலுக்கு எச்பிஇ அன்ரிபொடி செய்திருக்கினம். அது பி உறுதியான பிறகு பார்க்கிறது.

கேட்டால் "டொக்டரிட்டைக் கேளுங்கோ". பிறகு "இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தது, எங்கட பிழையில்லை". பிறகு மனேச்சர் நாளைக்கு வருவாராம். கடைசியா, ரிப்போட் குடுத்தால் காசு திருப்பேலாதாம். 18,500 ரூபாயும் போய், பெடியனுக்குத் திரும்பவும் ஊசி குத்தித்தான் சரியான சோதனை செய்தது.

காசு கட்ட முதல் துண்டையும் பற்றுச்சீட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கோ. அன்ரிஜன் வேற, அன்ரிபொடி வேற. ஹெபடைற்றிஸ் சி அன்ரிபொடி பொசிற்றிவ் வந்தால், வைரஸ் இப்ப இரத்தத்தில இருக்கோ எண்டு பார்க்கிற ஆர்என்ஏ பிசிஆர் செய்யாமல் நோய் எண்டு முடிவெடுக்காதேங்கோ. செங்கமாரியோட ஆள் மயங்கினாலோ கதை தடுமாறினாலோ ரிப்போட்டைப் பார்த்துக்கொண்டு நிக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.