ஒன்பதாம் வகுப்புக்கு எந்த இருண்ட உலகம்?

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு டிஸ்டோப்பியா நாவல் வைக்கலாம், அதாவது கெட்டுப்போன ஓர் எதிர்காலத்தைக் காட்டும் கதை வைக்கலாம் என்று பேச்சு வந்தால் போதும், பாதிப் பேர் யோசிக்காமல் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். சின்னப் புத்தகம், பத்தே அத்தியாயம், க.நா.சு. தமிழாக்கமும் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக நாம் ஏற்கெனவே படித்தது, புதிதாக எதையும் தயார் செய்ய வேண்டாம். மீதிப் பேர் 'தி ஹங்கர் கேம்ஸ்' என்பார்கள், பிள்ளைகள் படம் பார்த்திருப்பார்கள் என்ற தைரியத்தில். இரண்டுமே மோசமான தேர்வு இல்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பிள்ளைகளோடு இந்தப் புத்தகங்களை மாற்றி மாற்றிப் படித்த பிறகு சொல்கிறேன், எனக்கு முதல் தேர்வு இவை இல்லை, லோயிஸ் லோரியின் 'தி கிவர்'தான்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்த உலகம் கெட்டது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதா, இல்லை பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதா? முதல் பக்கத்திலேயே தெரிந்தால், வில்லன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்த சினிமாவைப் பார்ப்பது மாதிரி ஜாலியாக உட்கார்ந்து பார்க்கலாம், விவாதம் செய்ய ஒன்றும் இருக்காது.

'தி ஹங்கர் கேம்ஸ்' அப்படித்தான். 2008இல் வந்த சூசன் காலின்ஸின் நாவல். பன்னிரண்டு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என 12 முதல் 18 வயதுக்குள் 24 பேரைக் குலுக்கிப் பிடித்து அரங்கில் இறக்கி, ஒருவர் மிஞ்சும் வரை கொல்லவிட்டு அதை டிவியில் காட்டுகிறார்கள். இதைக் கேட்டதும், இதையெல்லாம் நடத்தும் தலைநகரைப் பார்த்து 'கேப்பிட்டல் நல்ல ஊர்தானே சார்' என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. கதை ஓடும் வேகத்தில் வகுப்பு முழுக்கப் படித்துவிடும், உண்மைதான். அப்புறம் பேச்சு எங்கே போய் நிற்கிறது? கதாநாயகி காட்னிஸ், பீட்டா என்ற பையனோடு சேர்வாளா, கேல் என்ற பையனோடு சேர்வாளா என்பதில். அதைப் பேச ஆசிரியர் எதற்கு, பஸ் ஸ்டாண்டிலேயே பேசிக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்துக்காக மட்டும் அந்தப் புத்தகத்தை விட மனசில்லை. ஏழைப் பிள்ளை தன் பெயரைக் குலுக்கலில் கூடுதலாக ஒரு தடவை எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை தடவை போடலாம், போட்ட பெயர் வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் பதினாறு வயது காட்னிஸின் பெயர் இருபது தடவை கிடக்கிறது, பதினெட்டு வயது கேலுக்கு நாற்பத்திரண்டு. வசதியான வீட்டுப் பெண்ணுக்கு வயதுக்கு உள்ளது மட்டும். 'குலுக்கல் எல்லாருக்கும் பொதுதானே' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய பிள்ளைதான் முதலில் வாய் திறக்கும். இதற்கு முதல் அத்தியாயம் ஒன்றே போதும், ஒரு பீரியடில் வாசித்துப் பேசிவிட்டுப் புத்தகத்தை லைப்ரரியில் போட்டுவிடலாம். மீதியை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

'விலங்குப் பண்ணை'க்கு வருகிறேன். 1945இல் வந்தது, பண்ணை விலங்குகள் முதலாளியை விரட்டிவிட்டு எல்லாரும் சமம் என்று தொடங்க, கடைசியில் பன்றிகள் எஜமானாகிவிடும் கதை; ரஷ்யப் புரட்சி எப்படி ஸ்டாலின் கைக்குப் போனது என்பதன் உருவகம். சிக்கல் என்னவென்றால், ஸ்டாலினையும் அவரிடம் தோற்ற ட்ராட்ஸ்கியையும் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தால் அது வரலாறு பீரியடாகி விடுகிறது, சொல்லாமல் விட்டால் 'அரசியல்வாதி எல்லாம் இப்படித்தான்' என்ற ஒரே வரியில் பிள்ளைகள் கதையை மூடி வைத்துவிடுகிறார்கள். பதினான்கு வயதில் இந்தச் சலிப்பு வந்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

இருந்தாலும் நம் மாவட்டத்தில் இந்தக் கதையை நடத்த ஒரு நல்ல வாசல் இருக்கிறது, நெப்போலியன் என்ற பன்றி இல்லை, பெஞ்சமின் என்ற கழுதை. களஞ்சியச் சுவரில் எழுதிய கட்டளைகளைப் பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக்கொண்டே போகின்றன. பாக்ஸர் என்ற உழைப்பாளிக் குதிரைக்கு நான்கு எழுத்துக்கு மேல் மண்டையில் ஏறவில்லை. க்ளோவருக்கு எழுத்து தெரியும், கூட்டி வாசிக்கத் தெரியாது, ஆடு மியூரியலைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறது. பெஞ்சமினுக்கு எந்தப் பன்றிக்கும் குறையாமல் வாசிக்கத் தெரியும், ஆனால் படிக்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று சும்மா இருக்கிறது. பாக்ஸரை ஏற்றிப் போகும் வண்டியில் குதிரையை அறுக்கும் ஆளின் பெயர் எழுதியிருக்க, அதைப் பெஞ்சமின் வாய்விட்டு வாசிக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது, அந்தப் பெருமையைக் கேட்டே வளரும் பிள்ளைகளிடம் 'வாசிக்கத் தெரிந்த கழுதை ஏன் மக்களே பேசவில்லை?' என்று கேட்டால் வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும், அப்புறம் நல்ல சண்டை வரும். ரப்பர் பால் வெட்டுக்கும் கசுவண்டி (முந்திரி) ஆபீசுக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாக்ஸரை விளக்கவே வேண்டாம்.

சரி, 'தி கிவர்'. 1993இல் வெளிவந்து அடுத்த வருடம் நியூபெரி பதக்கம் வாங்கியது. 23 சின்ன அத்தியாயங்கள், ஆங்கிலம் இந்த வரிசையில் ஏறக்குறைய மிக எளியது. ஜோனாஸுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது. அவன் ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, பொய் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலையைப் பெரியவர்களே கவனித்துப் பார்த்து ஒதுக்குகிறார்கள், ராத்திரி சாப்பாட்டு மேசையில் குடும்பம் உட்கார்ந்து அன்றைக்கு மனதில் பட்டதைச் சொல்லிக்கொள்கிறது. படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் 'இது நல்ல ஊர்தானே, எங்கள் ஊரும் இப்படி இருந்தால் என்ன' என்பார்கள், விடுங்கள், சொல்லட்டும். நீட்டா இன்ஜினீயரிங்கா என்று வீட்டில் நசுங்குகிற பிள்ளைக்கு வேலையை யாரோ முடிவு செய்து கொடுத்தால் நிம்மதிதானே. அந்த ஊரில் நிறமே தெரியாது, பழைய நினைவெல்லாம் ஒரே ஒரு கிழவரிடம் இருக்கிறது, 'விடுவிப்பு' என்று அவர்கள் மென்மையாகச் சொல்வது என்ன என்பது மெல்லத்தான் வரும். ஜோனாஸின் அன்பான அப்பாவே இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை என்ன செய்கிறார் என்ற இடம் வரும்போது, முன்னால் 'நல்ல ஊர்' என்று சொன்ன பிள்ளை அதைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேறு எந்தப் புத்தகமும் இந்த வேலையைச் செய்யவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சமூகத்தில் எந்த வயதுக்கு எந்தச் சட்டை என்பதற்கும் விதி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு முதுகில் பொத்தான், ஏழு வயதானால் முன்பக்கம். பிள்ளைகள் சிரிப்பார்கள், உடுப்புக்கெல்லாமா சட்டம் என்று. அங்கே தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லலாம்: இதே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் எந்தச் சாதிப் பெண் மேல்துணி போடலாம் என்பதைத் திருவிதாங்கூர் அரசு சொல்லிக்கொண்டிருந்தது, பல பத்தாண்டு அடிதடிக்குப் பிறகு 1859இல்தான் நாடார் பெண்களுக்கு அனுமதி வந்தது, அதிலும் உயர்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த வரலாறு ஒன்பதாம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் உடை பற்றிய பாடத்தில் இருந்தது, 2019இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். நினைவை ஒருவரிடம் மட்டும் பூட்டி வைத்த ஊரைப் பற்றிய நாவலை நடத்தும்போது இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

குறை இல்லாமல் இல்லை. குழந்தையைக் கொல்லும் காட்சி இருக்கிறது, வயதுக்கு வரும்போது எழும் ஆசையை மாத்திரை கொடுத்து அடக்கும் பகுதி இருக்கிறது. அமெரிக்காவிலேயே 1990களில் பள்ளிகளில் அதிகம் ஆட்சேபணை வந்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முடிவும் தெளிவாக இருக்காது, ஜோனாஸ் பிழைத்தானா என்று கடைசி வரை அடித்துக்கொள்வார்கள். எனக்கு அது லாபம்.

எட்டாம் வகுப்பு என்றால் ஜீன் டுப்ராவின் 'தி சிட்டி ஆஃப் எம்பர்' போதும். பூமிக்கு அடியில் ஒரு நகரம், ஜெனரேட்டர் தேய்ந்து விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன, கிட்டங்கியில் சரக்கு தீர்கிறது, மேயர் மட்டும் பதுக்கித் தின்கிறார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டத்தில் அந்த இருட்டைப் புரியவைக்க மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் வெளியே போகும் வழி கிடைத்ததும் கேள்வியும் தீர்ந்துவிடுகிறது, அதனால் பெரிய பிள்ளைகளுக்குப் பற்றாது.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. விகடனில் 1980களில் தொடராக வந்தது, குழந்தை பெற அரசு அனுமதி கேட்க வேண்டிய நாடு, இரண்டெழுத்துப் பெயர்கள், புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். வாசிப்பே வராத பிள்ளையும் ஜீனோவுக்காக வாசிக்கும். தொடர்கதை என்பதால் திருப்பத்துக்கு மேல் திருப்பம், நின்று யோசிக்க இடம் குறைவு.

புத்தகங்களை எரிக்கும் நாட்டைக் காட்டும் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451'ஐ வெ. ஸ்ரீராம் தமிழில் தந்திருக்கிறார், அதைப் பதினொன்றுக்கு வையுங்கள். ஆங்கிலத்தில் உவமைக்குள் உவமையாகப் போகும், ஒன்பதாம் வகுப்பு திணறும். தொடக்கத்திலேயே நாயகன் மாண்டாக்கின் மனைவி தூக்க மாத்திரைகளை விழுங்கிக் கிடக்கிறாள், அந்த வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நடத்த வேண்டிய பக்கங்கள் அவை. ஆர்வெல்லின் '1984' வேண்டாம், சித்திரவதையும் மற்றதும் கல்லூரிக்கு ஆகட்டும்.

காசு பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொருவருக்கும் பிரதி வாங்க வைக்காதீர்கள், இரண்டு பேருக்கு ஒன்று தாராளம், பாதியை வகுப்பில் உரக்க வாசித்தே முடிக்கலாம். 'தி கிவர்' என்றால் ஜூலையில் தொடங்கிவிடுங்கள், காலாண்டுப் பரீட்சைக்கு முன் அந்த இரட்டைக் குழந்தை வரும் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லீவில் யாராவது முன்னால் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் போட்டு உடைத்துவிடுவார்கள்.