14 மாத சைக்கோடைனமிக் தெரபி: என் மதிப்பீடு

தெரபிஸ்டோடு பேசிப் பேசியே மனதைப் புரிந்துகொள்ளும் சிகிச்சை இது. வாரம் ஒரு நாள், 50 நிமிடம், எதிரெதிர் நாற்காலி. ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு என்றால் சோபாவில் படுத்துக்கொண்டு வாரத்தில் பல நாள் பேச வேண்டும். நான் போனது அதிலிருந்து கிளைத்த, கொஞ்சம் இலகுவான முறை. 'மனசுல வர்றதை அப்படியே சொல்லுங்க' என்பதுதான் முக்கிய விதி. கேட்க எளிது, முதல் இரண்டு மாதம் எனக்குப் பேச்சே வரவில்லை.

ஐந்தாவது மாதம் தெரபிஸ்ட் இரண்டு வாரம் விடுப்பில் போனார். அவர் திரும்பிய அன்று நான் 20 நிமிடம் தாமதமாகப் போனேன். 'என் மேல கோபமா இருக்கலாமோ?' என்று மெதுவாகக் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். சொல்லும்போதே என் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பா வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். வந்ததும் நான் அவரோடு பேச மாட்டேன். அந்தப் பழைய கோபம்தான் இவர்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. 1912-இல் ஃப்ராய்ட் தனிக் கட்டுரையே எழுதிய 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' இதுதான். படித்திருக்கிறேன், உடம்பில் உணர்ந்தது அன்றுதான். அழுதேன்.

குறை என்றால், பலன் தெரிய நாளாகும். வீட்டுப்பாடம், பயிற்சி வேண்டுமென்பவர்களுக்கு சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் இன்னொரு வகை தெரபி) பொருந்தும். தெரபிஸ்டின் மௌனமும் சில நாள் என்னை வாட்டியது. இருந்தாலும் தயங்காமல் பரிந்துரைப்பேன். போன மாதம் அப்பா வெளியூர் கிளம்பியபோது, "எப்பப்பா வருவீங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.