மேடை ஒரு பக்கம், சைகை ஒரு பக்கம்

சிங்கப்பூர் நாடக மேடைகளில் காதுகேளாதோருக்குச் சைகைமொழி பெயர்ப்புச் சேவை கிடைக்கிறது என்பதே நல்ல செய்தி. ஆனால் ‘பெயர்ப்பாளர் உண்டு’ என்ற வரியை மட்டும் நம்பி நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் காட்சிகளுக்குத்தான் இந்த வசதி. முதலில் தேதியைப் பாருங்கள். அடுத்து, பெயர்ப்பாளர் மேடையின் எந்தப் பக்கம் நிற்பார் என்று கேளுங்கள். பார்வையாளருக்கு இடப்பக்கம் என்றால் நீங்களும் இடப்பக்கம், நான்காம் வரிசைக்குப் பின்னால். முதல் வரிசையில் உட்கார்ந்தால் நடிகரும் பெயர்ப்பாளரும் ஒரே பார்வைக்குள் அடங்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் கழுத்துதான் ஆடும்.

அதிகம் சொதப்புவது வெளிச்சம். உச்சியிலிருந்து மட்டும் விளக்குப் போட்டால் பெயர்ப்பாளரின் கண்குழியில் நிழல் விழும். புருவம் உயர்வதும் சுருங்குவதும் தெரியாவிட்டால், கேள்வியா பதிலா என்றே புரியாது. சைகைமொழியின் இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது.

தமிழ் நாடகத்தில் இன்னொரு சிக்கல். தமிழ் தெரியாத பெயர்ப்பாளர் ஆங்கிலப் பிரதியை வைத்து வேலை செய்தால், ‘நீங்க’ சட்டென்று ‘நீ’ ஆகும் இடம் காணாமல் போய்விடும். சண்டை அங்கேதான் தொடங்கியிருக்கும்! தமிழ் தெரிந்த ஒருவர் ஒத்திகையில் பெயர்ப்பாளருடன் உட்கார்ந்தால் இது சரியாகும்.

வசனத்தை எழுத்தில் காட்டும் எழுத்துத்திரையிலும் தொல்லை உண்டு. அதை ஒருவர் வரிவரியாகத் தட்டி நகர்த்துகிறார். நடிகர் ஒரு வரியைத் தாண்டினால் திரை தடுமாறும். தட்டுபவர் முந்திவிட்டால், வசனம் வருமுன்பே அரங்கு சிரித்துவிடும்.

இத்தனை தொல்லைக்கும் மூலம் ஒன்றுதான்: கதை ஓரிடம், மொழி வேறிடம். சிங்கப்பூரில் பிறந்து, லிவர்பூலில் நாடகம் பயின்று, கிளாஸ்கோவில் வாழும் காதுகேளாக் கலைஞர் ரமேஷ் மெய்யப்பன் அந்த இடைவெளியையே எடுத்துவிட்டார். லண்டன் 2012 ஒலிம்பிக்ஸை ஒட்டி, உடற்குறையுள்ள கலைஞர்களுக்காக நடந்த ‘அன்லிமிடெட்’ திட்டத்தில் வந்த ‘ஸ்னெயில்ஸ் அண்ட் கெச்சப்’பில் அவர் ஒருவரே ஒரு குடும்பமாக மாறுகிறார், வசனம் இல்லை, பியானோ உண்டு, அந்தரத்தில் தொங்கியும் நடிப்பு. 2025 சிங்கப்பூர் அனைத்துலகக் கலை விழாவுக்கு வந்த, ஷேக்ஸ்பியரைத் தழுவிய அவரது ‘லியர்’ நாடகத்திலும் பேச்சில்லை. கேட்பவரும் கேளாதவரும் ஒரே இடத்தை, ஒரே நொடியில் பார்க்கிறார்கள்.

அவர் நாடகம் மறுபடி வந்தால் எந்தப் பக்கம் இடம் கிடைத்தாலும் வாங்கலாம். மற்றவற்றுக்கு, முதலில் அரங்கை அழைத்து அந்தப் ‘பக்கம்’ எது என்று கேட்டுவிடுங்கள்.