ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இணையதளம்: அர்த்தம் தெரிந்த பிறகுதான் வேலையே

ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் மட்டும் வேண்டும் என்றால் இந்தத் தளம் தேவையில்லை. வீட்டில் இருக்கும் லிஃப்கோ அகராதியே போதும். அர்த்தம் தெரிந்தும் அந்தச் சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்று திணறுகிறவர்களுக்குத்தான் இது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியரும் அவர் சகாக்களும் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் வெளியான அகராதியின் வழிவந்தது. அச்சில் பத்தாம் பதிப்பு 2020-இல் வந்தது. இணையத்தில் இலவசம். விளம்பரத் தொல்லை உண்டு.

கூகுளில் தேடினால் மேலே வரும் பெட்டியிலும் ஆக்ஸ்ஃபோர்டு என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்பார்கள். அது வேறு அகராதி. சரளமாக ஆங்கிலம் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று அது சொல்லித்தராது.

இந்தத் தளத்தில் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லைத் திறந்து பாருங்கள். வினைச்சொல், ஏ1 நிலை என்ற குறிப்பு (ஏ1 ஆரம்ப நிலை; ஏ2, பி1, பி2 என்று மேலே ஏறும்). நீல ஒலிபெருக்கியை அழுத்தினால் பிரிட்டிஷ் உச்சரிப்பு, சிவப்பில் அமெரிக்க உச்சரிப்பு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி’ என்ற அமைப்பு. இந்தத் தடித்த வரிதான் தங்கம். பலர் இதைப் பார்க்காமலே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று சொல்லக்கூடாது என ஒரு ஹெல்ப் குறிப்பும் உண்டு. ‘அதைப் பற்றி’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு பேசும்போது ‘அபவுட்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘சஜஸ்ட் மீ’ இரண்டுக்கும் இதே போன்ற எச்சரிக்கை இருக்கிறது. ‘எனக்கு விளக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபு ஆங்கிலத்தில் ‘டு மீ’ என்று தனியாக வந்தாக வேண்டும்.

பெயர்ச்சொற்களில் பார்க்க வேண்டியது ‘அன்கவுண்டபிள்’, அதாவது ஒன்று இரண்டு என்று எண்ண முடியாதது, என்ற குறிப்பு. ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட், அட்வைஸ் மூன்றிலும் அது இருக்கும். அது இருந்தால் கடைசியில் ‘எஸ்’ சேர்க்காதீர்கள், முன்னால் ‘எ’, ‘அன்’ போடாதீர்கள். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்பதுதான் வழி.

குழப்பும் சொற்களை ஒப்பிட்டுக் காட்டும் ‘விச் வேர்டு’ பெட்டிகளும் அருமை. தமிழில் எல்லாமே ‘உயரம்’தான், ஆங்கிலத்தில் ஆளும் மரமும் ‘டால்’, மலையும் சுவரும் ‘ஹை’. இருமொழி அகராதியில் அஷ்யூர், என்ஷ்யூர் இரண்டுக்கும் ‘உறுதி’ என்றே போட்டிருக்கும். இங்கே அமைப்பு வரியைப் பார்த்தாலே விஷயம் தெளிவு: அஷ்யூருக்குப் பின் ஓர் ஆள் வர வேண்டும், என்ஷ்யூருக்குப் பின் நடக்க வேண்டிய காரியம் வரும்.

நிலைக் குறியீட்டைச் சொல்லுக்கு மொத்தமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ‘அட்ரஸ்’ முகவரி என்ற பொருளில் ஏ1. ஒரு பிரச்சினையைக் கையில் எடுப்பது என்ற வினையாக வரும்போது பி2. ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற முக்கியச் சொற்களின் பட்டியலை ஏ1-இலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஏற்கெனவே தெரிந்த எளிய சொற்களில் பி1, பி2 என்று குறித்த பொருள்களை மட்டும் பொறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அமைப்பு வரியோடு ஓர் உதாரண வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

குறைகளும் உண்டு. தமிழ் கிடையாது. செடி, மீன், மசாலா பெயர்களுக்கு உதவாது: ‘ஃபெனுகிரீக்’ விளக்கத்தை முழுக்கப் படித்தாலும் வெந்தயம் என்று பிடிபடாது. இதற்கெல்லாம் ஆங்கிலம்–தமிழ் அகராதிதான் சரி. ஃப்ரேசல் வெர்புகள் (‘கிவ் அப்’ போல வினையோடு சிறு சொல் சேர்ந்தவை) பக்கத்தின் அடியில் தொங்கும், அதையும் தட்டினால்தான் தனிப்பக்கம் திறக்கும். செல்பேசியில் இது எரிச்சல். ‘ப்ரீபோன்’ (முன்தேதிக்கு மாற்றுவது) போன்ற நம்மூர் ஆங்கிலச் சொல்லும் உள்ளே இருக்கிறது, ஆனால் ‘இந்தியன் இங்கிலீஷ்’ என்ற அடையாளத்தோடு. வெளிநாட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுபவர்கள் அந்த அடையாளத்தைக் கவனிக்க வேண்டும்.

லாங்மேன் அகராதித் தளமும் இலவசம். சுமார் 2000 அடிப்படைச் சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதும் முறையை அதன் அச்சு அகராதி 1978-லேயே பின்பற்றியது. இங்கே விளக்கமே புரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் முதல் ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வரலாம்.